பூங்காவில் தைச்சி, ஞாயிறன்று திருப்பலி

கேள்வி: முழங்கால் வலிக்காக மருத்துவர் சொன்னதன் பேரில், பினாங்கு இளைஞர் பூங்காவில் காலையில் தைச்சி என்னும் மெல்லசைவுச் சீன உடற்பயிற்சி பழகும் சீன அண்டைவீட்டாருடன் சேர்ந்துகொண்டேன். வலி குறைந்திருக்கிறது. ஆனால், எங்கள் பங்கின் செபக் குழுவிலுள்ள அக்கா ஒருவர், சிஃபு (பயிற்சி ஆசான்) பேசும் ‘சி’ என்னும் உயிராற்றல் வேற்று ஆவி என்றும், அதை உடலுக்குள் அழைப்பது பாவம் என்றும் கண்டிக்கிறார். இதற்கிடையே, முறைப்படி சீடராகச் சேருமாறு சிஃபு அழைக்கிறார். அந்தச் சடங்கில் மறைந்த ஆசான்களின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி வணங்க வேண்டுமாம். கத்தோலிக்கரான நான் என்ன செய்வது?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: பயிற்சியைத் தாராளமாகத் தொடருங்கள். சடங்கைப் பற்றி முடிவு செய்யுமுன், ஊதுவத்தி ஏற்றும் மேடையில் யார் யாருடைய உருவங்கள் இருக்கின்றன என்று சிஃபுவிடம் கேளுங்கள்.

தைச்சியைத் தாவோயிசத் துறவி சாங் சான்ஃபெங் படைத்தார் என்ற கதை பரவலாக உண்டு. வரலாற்றில் தடம் பிடிக்க முடிவதோ ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரின் கிராமம் வரைதான். பூங்காக்களில் பெரிதும் பழகப்படும் 24 அசைவு வரிசை, 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தைச்சியின் பிரிவுகளில் ஒன்றான யாங் மரபிலிருந்து சுருக்கி வகுத்தது. மதத்தின் மீது பற்றில்லாத ஓர் அரசு மக்களின் உடல்நலத்துக்காக அமைத்த பாடத்தை மறைமுக வழிபாடு என்று அஞ்சுவது சற்று வேடிக்கைதான். ‘சி’ என்பதும் சீன மருத்துவம் உடலின் இயக்கத்தை விளக்கக் கையாளும் கருத்து. பூங்காப் பயிற்சியில் அதை நோக்கி யாரும் வேண்டுதல் செய்வதில்லை. அந்த விளக்கத்தை நம்பாமலும் நீங்கள் கால்மாற்றி நிற்கப் பழகலாம்.

ஆயினும் அக்காவின் கவலையை முழுவதும் தள்ளிவிட முடியாது. கிறிஸ்தவத் தியானம் குறித்து 1989இல் வத்திக்கான் வெளியிட்ட மடல், பிற சமயத் தியான முறைகளிலுள்ள பயனுள்ளவற்றை ஏற்கலாம் என்று கூறும்போதே, சில உடற்பயிற்சிகளால் தாமாகவே தோன்றும் அமைதியையும் வெதுவெதுப்பையும் தூய ஆவியார் தரும் ஆறுதலாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை என்று எச்சரிக்கிறது. உள்ளங்கையில் சூடு பரவினால் இரத்த ஓட்டம் சீராயிருக்கிறது என்று மகிழுங்கள். அதைச் செபத்தின் இடத்தில் வைக்காதீர்கள்.

சடங்குதான் கவனிக்க வேண்டியது. சீனக் கத்தோலிக்கர் முன்னோருக்குச் செய்யும் மரியாதைச் சடங்குகளைத் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1742இல் திட்டவட்டமாகத் தடை செய்தார். 1939இல் உரோமை அந்த நிலையைத் தளர்த்தி, இறந்தோர் முன்னும் அவர்களுடைய படங்களின் முன்னும் தலைவணங்குவது சமூக மரியாதையே என்று ஏற்றது. ஆகவே, ஆசான்களின் படங்கள் மட்டுமே இருந்தால் நீங்கள் தலைவணங்கலாம். சில சங்கங்களில் இருப்பதுபோல் குவான் தி முதலிய தெய்வத்தின் உருவமும் அங்கிருந்தால், அதன் முன் ஊதுவத்தி ஏற்றுவது வழிபாடாகிவிடும். அதிலிருந்து விலகியே நில்லுங்கள். சிஃபுவிடம் இதை முன்கூட்டியே, தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. சடங்கு நாளில் பலர் முன்னிலையில் மறுத்தால் அவருக்குத்தான் தலைகுனிவு. சீடராகச் சேராவிட்டாலும் பூங்காப் பயிற்சிக்குத் தடையிருக்காது.

சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய புனித பவுல், உண்பவரின் உரிமையை மறுக்காமலேயே, அருகிலிருப்பவரின் மனச்சான்றையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். அதனால் அக்காவிடம் வாதாடாதீர்கள். ஒரு நாள் காலையில் அவரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நேரில் பார்த்த பின்னும் அவருக்கு நெருடல் இருந்தால், இருவரும் சேர்ந்தே பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.