கல்லுப்பு ஏன் கசிகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மழைக்காலம் வந்தால் கல்லுப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்கிறது. உப்பில் கலப்படமா?

பதில்: கலப்படம் இல்லை, கடலின் மிச்சம். சுத்தமான உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் இளகும். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இளகிவிடும். நம் ஊரில் அதற்கு மழைக்காலமே தேவையில்லை.

கடல்நீரை வெயிலில் வற்றவைத்தால் முதலில் சிறிது சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) படியும். நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் உப்பு பூக்கும். மக்னீசியம் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அதனால்தான் உப்பளத்தில் உப்பை வாரிவிட்டு, மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் உப்பு கிடைக்கட்டுமே என்று பாத்தியைக் கூடுதல் நாள் காயவிட்டால், கசப்பும் கசிவும் உப்போடு வந்துவிடும்.

சரி, கழுவினால் போகுமா? வெறும் தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்து ஓடிவிடும். இனிமேல் உப்பு கரையாது என்கிற அளவுக்கு ஏற்கெனவே உப்பைக் கரைத்து வைத்த நீரில் அலசினால், மக்னீசியம் மட்டும் போகும். உப்பு ஆலைகளில் இப்படித்தான் கழுவுகிறார்கள்.

கேள்வி: வெந்நீரில் உப்பு அதிகம் கரையும்தானே?

பதில்: பெரிய வித்தியாசம் இல்லை. 100 மில்லி நீரில் சாதாரணமாக 36 கிராம், கொதிநிலையில் 39 கிராம். பாகு காய்ச்சுகிறோமே, அந்தச் சர்க்கரைதான் சூட்டில் இரண்டு மடங்குக்கு மேல் கரையும்.

கேள்வி: கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. உடம்புக்குக் கெடுதலா?

பதில்: இல்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ சம அளவு நீர் சேர்த்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள், நுரைத்துக் கரையும். கழிவறை ஆசிட் மட்டும் வேண்டாம். உலோகத்தையே தின்றுவிடும்.

கேள்வி: கலங்கல் நீரில் படிகாரம் உரசினால் கிருமியும் போய்விடுமா?

பதில்: ஓரளவுதான். சேற்றுத் துகள்கள் எல்லாம் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த ஏற்றத்தைத் தணித்து, ஜெல்லிபோலத் திரண்டு அவற்றை வாரிக்கொண்டு அடியில் இறங்கும். தெளிந்த நீரை வடித்து, கொதிக்கவைத்த பிறகு குடியுங்கள். நிறைய உரசினால் நாக்கு துவர்க்கும்.

கேள்வி: நிலக்கடலைக்கு ஜிப்சத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாமா?

பதில்: ஒரு லிட்டரில் இரண்டரை கிராம்கூட முழுதாகக் கரையாது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கே 20,000 லிட்டர் வேண்டும்! ஹெக்டேருக்கு 400 கிலோ என்று, நட்ட 40-45ஆம் நாளில் செடியோரம் தூவி மண் அணையுங்கள். வேர் உறிஞ்சும் கால்சியம் இலைக்குப் போனால் திரும்பக் கீழே வராது. மண்ணுக்குள் இறங்கிய காய்தான் தனக்கு வேண்டியதை நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் பொக்குதான் மிஞ்சும். தூவும்போது மண்ணில் ஈரம் இருக்கட்டும். மெல்ல மெல்லக் கரைவதே இங்கே வசதி.