அமைச்சர் பேரவையில் அறிவித்துவிட்டார், பட்டா எங்கே?

கேள்வி: எங்கள் தெருவில் நாற்பது குடும்பங்கள் புறம்போக்கில் வீடு கட்டிப் பல வருடமாகக் குடியிருக்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்குப் பட்டா தரப்படும் என்று சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவித்தார். தாலுகா ஆபீசில் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்கிறார்கள். "சட்டம் பாஸாகிவிட்டது, வீட்டுக்குப் பதினைந்தாயிரம் கொடுங்கள், ஆர்டர் காப்பி வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அறிவிப்பு வேறு, சட்டம் வேறு.

அமைச்சர் பேரவை உறுப்பினர்தான். ஆனால் அங்கே எழுந்து அவர் அறிவிப்பது அரசாங்கம் செய்வதாகச் சொல்லும் வேலை, பேரவை எடுத்த முடிவு அல்ல. பேரவை விதிகளில் 110-ஆவது விதியின்கீழ் அறிக்கை படித்தால் அப்போது யாரும் கேள்விகூடக் கேட்க முடியாது. துறையின் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது அறிவித்திருந்தால், பேரவை ஒப்புதல் தந்தது துறையின் செலவுத் தொகைக்கு மட்டுமே. சட்டம் என்றால் சட்டமுன்வடிவு தாக்கலாகி, நிறைவேறி, ஆளுநர் ஒப்புதலோடு அரசிதழில் வரவேண்டும். உங்கள் விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தேவைப்படுவது அரசாணை.

அந்த அரசாணை தலைமைச் செயலகத்தில், வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையில் பிறக்கவேண்டும். ஆளுநர் பெயரில், துறைச் செயலாளர் கையெழுத்தில் வெளியாகி, மாவட்ட ஆட்சியர் வழியாக வட்டாட்சியருக்கு வரும். அதுவரை வட்டாட்சியர் "வரவில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். அறிவிக்க இரண்டு நிமிடம் போதும். கோப்பு நகர எத்தனை மாதம் என்று கேட்டால்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

புரோக்கர் காட்டும் தாளை நம்பாதீர்கள். உண்மையான அரசாணையில் துறையின் பெயர், எண், நாள் மூன்றும் இருக்கும். ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண் போடுவதால், "அரசாணை எண் 45" என்று மட்டும் சொன்னால் அதே எண்ணில் வேறு துறைகளின் ஆணைகளும் இருக்கும். வேறு ஏதோ துறையின் ஆணையை ஜெராக்ஸ் எடுத்து மேல்பகுதியை மடித்துக் காட்டுவது பழைய வித்தை. துறை தன் திட்டங்களை விளக்கிப் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் ஒரு பக்கத்தை நகலெடுத்து "ஆர்டர்" என்பது இன்னொன்று. உண்மையான ஆணையாக இருந்தாலும் அது ரகசியம் அல்ல. நகலுக்குப் பதினைந்தாயிரம் கேட்பவர் உங்கள் அறியாமையைத்தான் விற்கிறார்.

இனி, மனு எழுதும் முன் பார்க்கவேண்டிய ஒன்று. உங்கள் சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டில், அதாவது ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று குறிக்கும் வருவாய்ப் பதிவேட்டில், என்ன வகைப்பாடு இருக்கிறது? தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் ஏரி, குளம், கண்மாய், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் எந்த அறிவிப்பும் உங்களைக் காப்பாற்றாது. 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஒருபக்கம். ஊர்ப் பொது நிலம், குளம் ஆகியவற்றின் ஆக்கிரமிப்பை, அரிதான விதிவிலக்குகள் தவிர, வரன்முறைப்படுத்தக் கூடாது என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மறுபக்கம். அமைச்சர் சொன்னாலும் ஆட்சியர் அங்கே கைவைக்கத் தயங்குவார். "நாற்பது வருடமாகத் தண்ணீரே நிற்கவில்லை" என்பது எடுபடாது. குளத்தைத் தூர்த்து அரசே கட்டடம் கட்டியிருக்கிறது என்பதும் எடுபடாது. வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டும், பதிவேட்டில் இருக்கும் "குளம்" என்ற சொல்லை அழிக்காது. இந்த வகை நிலத்துக்குத்தான் புரோக்கர்கள் அதிகம் கேட்கிறார்கள், ஏனென்றால் நேர்வழி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே கேட்கவேண்டியது மாற்று இடம்.

உங்கள் நிலம் இப்படி நீர்நிலை வகையில் இல்லையென்றால் ஒரு தகவல் உரிமை மனு போதும். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தலைமைச் செயலகத்தில் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் இன்னும் தரவில்லை?" என்று எழுதினால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: இன்ன தேதியில் பேரவையில் வெளியான இன்ன அறிவிப்பைச் செயல்படுத்த வெளியிட்ட அரசாணையின் நகல் தேவை. வெளியாகவில்லை எனில், அதற்கான கோப்பின் எண்ணும், கோப்பு தற்போது எந்தப் பிரிவில் உள்ளது என்ற விவரமும் தேவை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு அப்பால் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது, அங்கே பொறுமை வேண்டும்.

பேரவையின் மனுக்கள் குழுவுக்கு எழுதச் சொல்பவர்கள் உண்டு. அது தனிநபர் குறையையோ பட்டா கேட்கும் மனுவையோ எடுக்காது. உங்கள் எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். பேரவையில் கேள்வி எழுப்ப அவரால் முடியும். அமைச்சர்கள் தந்த உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்று தனிக் குழுவே உண்டு. இந்த அறிவிப்பு அங்கே நிலுவையில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

உடனே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். பேரவை அறிவிப்பை மட்டும் வைத்துப் பட்டா கொடு என்று உயர் நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. பெரும்பாலும் "மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்" என்றுதான் வரும். பரிசீலித்து நிராகரித்தாலும் அந்த உத்தரவை நிறைவேற்றியதாகவே ஆகும். அரசாணை கையில் வந்து, அதன்படி உங்களுக்குத் தகுதி இருந்தும் வட்டாட்சியர் இழுத்தடித்தால், அப்போது வழக்கறிஞரைப் பாருங்கள்.