கடன் வாங்கிய 500 பவுண்டு

கேள்வி: கிதாரில் மூன்று கார்டுகள் (சுரக்கூட்டுகள்) தெரிந்தால் போதும் என்ற துணிச்சலில் தொடங்கிய பங்க் ராக், சில ஆண்டுகளுக்குள் நாடு நாடாகப் பரவியது எப்படி? அது பிறந்தது நியூயார்க்கிலா, லண்டனிலா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: காலத்தால் முந்தியது நியூயார்க்தான். ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் மன்ஹாட்டனின் பவரி பகுதியில் தொடங்கிய சிபிஜிபி மதுக்கூடம் கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் பாடகர்களுக்காகவே திறக்கப்பட்டது. பெயரின் எழுத்துகளும் அவற்றைத்தான் குறித்தன. வந்து சேர்ந்தவர்களோ வேறு ஆட்கள். 1974 ஆகஸ்டில் அந்த மேடையில் ஏறிய ரமோன்ஸ் குழு, 1976 ஏப்ரலில் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 14 பாடல்களைச் சுமார் 29 நிமிடங்களில் பாடி முடித்துவிட்டது.

எனினும், பரவிய விதத்தை அறிய லண்டனைவிட மான்செஸ்டரைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. 1976 ஜூன் 4 அன்று அங்கே லண்டன் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் கச்சேரியை ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு இளைஞர்கள். கூட்டம் மிகச் சிறியது. ஆனால் கேட்க வந்த பீட்டர் ஹுக் மறுநாளே கடைக்குப் போய் ஒரு பேஸ் கிதார் வாங்கினார், பிறகு ஜாய் டிவிஷன் குழுவில் வாசித்தார். இவர்களாலேயே முடிகிறதென்றால் நம்மால் ஏன் முடியாது என்ற எண்ணம் அந்தக் கூடத்தில் பலருக்கும் எழுந்தது.

ஏற்பாடு செய்த இருவரும் பஸ்காக்ஸ் என்ற குழுவைத் தொடங்கி, நண்பர்களிடமும் வீட்டாரிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, அந்த டிசம்பரில் ஒரே நாளில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தனர். எந்த நிறுவனத்தின் வாசலிலும் காத்திராமல் தங்கள் சொந்த வெளியீட்டகத்தின் பெயரில் 1977 ஜனவரியில் வெளியிட முதலில் அச்சிட்டது 1,000 தட்டுகள்; விற்றதோ சுமார் 16,000. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது என்பதைக்கூட உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள், சமையல்காரர் தம் கைப்பக்குவத்தை ஊருக்கே எழுதிக் கொடுப்பதைப் போல. தட்டு அடிப்பதற்கு ஆகும் செலவும் வழியும் தெரிந்த பிறகு சிற்றூர்களில்கூடச் சிறு வெளியீட்டகங்கள் முளைத்தன. பங்க் ரசிகர்களின் ஊக்கு குத்திய சட்டையும் செக்ஸ் பிஸ்டல்ஸ் தொலைக்காட்சியில் பேசிய வசையும் செய்தித்தாள்களுக்குத் தீனியாயின. இசையைக் கொண்டுபோனவை இந்தச் சிறு தட்டுகளும் நகலெடுத்த கையெழுத்து இதழ்களுமே.

எல்லாமே இவ்விரு நகரங்களிலிருந்து கிளம்பியதாகவும் கொள்ள முடியாது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தி செயின்ட்ஸ் குழு, லண்டன் பங்க் குழுக்கள் எதுவும் தட்டு வெளியிடுவதற்கு முன்பே, 1976 செப்டம்பரில் சொந்தச் செலவில் தன் முதல் தட்டைக் கொண்டுவந்துவிட்டது.

வெகு காலம் கழித்தும் இந்த இசை அதிகாரத்தை உறுத்தியது. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் ஒரு பங்க் நிகழ்ச்சியிலிருந்து 64 பேரைக் காவல்துறை பிடித்துச் சென்று, முடியை மழித்து, ஏரியில் இறக்கிக் குளிக்கவைத்தது. அநாதைக் குழந்தைகளுக்கு நிதி திரட்டுவதற்காக நடத்தப்பட்ட நிகழ்ச்சி அது.