பால் ஊற்றப் போன பையன்

அன்புள்ள ஐயா,

ராஜேஷ் பைலட் பற்றிப் படித்தேன். விமானப்படை அதிகாரி, பிறகு மத்திய அமைச்சர். பட்டாளத்தில் பழகியவர்கள் அரசியலுக்கு வந்தால் நாட்டில் ஒழுங்கு வரும் அல்லவா? அவர் மகன் சச்சின் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு 22 வயது. விமானப்படைத் தேர்வு எழுதப் போகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தேர்வை எழுதுங்கள். மகன் கதை இப்போது வேண்டாம்.

ஆனால் இந்த ‘ஒழுங்கு’ப் பேச்சு இருக்கிறதே, கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பட்டாளம் ஆண்ட நாடு பக்கத்திலேயே இருக்கிறது. அதன் வரலாற்றைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

உங்கள் கண்ணில் விமானம்தான் பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பால் கேன் உண்டு. ராஜேஷ்வர் பிரசாத் பிதூரி, உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன். டெல்லியில் உறவினரின் மாடுகளைப் பார்த்துக்கொண்டு, அமைச்சர்களின் பங்களாக்களுக்குப் பால் ஊற்றியவர். ‘பைலட்’ என்பதே 1980 பரத்பூர் தேர்தலுக்காக ஒட்டிக்கொண்ட பெயர்.

நானும் எட்டாம் வகுப்பு வரை பால் ஊற்றியிருக்கிறேன். ஊரில் ஒரு பெரிய வீடு. கொல்லைப்பக்கமாகத்தான் போக வேண்டும். அந்த அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பார். ஊற்றிவிட்டு நான் நகர்ந்ததும் சொம்பின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுப்பார். உள்ளே கடன்காரருக்குப் பயந்து வீட்டுக்காரர் ஒளிந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் எந்தப் பெரிய வீட்டைப் பார்த்தும் எனக்குக் கை நடுங்கியதில்லை.

1995-ல் பைலட் உள்துறை இணையமைச்சர். பிரதமர் நரசிம்ம ராவுக்கு நெருக்கமான சாமியார் சந்திராசாமியைக் கைது செய்யச் சொன்னார். கொஞ்ச நாளில் அவரைச் சுற்றுச்சூழல் துறைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒழுங்கு பழகியவன் மேலிடத்தைக் கேட்டுக்கொண்டல்லவா செய்திருப்பான்? 1997-ல் காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். சீதாராம் கேசரிக்கு 6,224 ஓட்டு, சரத் பவாருக்கு 882, இவருக்கு 354. தோற்பது தெரிந்தேதான் நின்றிருப்பார். எனக்கு அந்த 354 பிடித்திருக்கிறது.

2000 ஜூனில், தன் தொகுதி தௌசாவிலிருந்து ஜெய்ப்பூருக்கு ஜீப்பைத் தானே ஓட்டி வந்தபோது பேருந்தில் மோதி இறந்தார். வயது 55.

அப்புறம், உங்கள் கடிதம் வந்தது இரவு இரண்டே முக்காலுக்கு. விமானப்படையில் கண்ணைச் சோதிப்பார்கள். போய்த் தூங்குங்கள், தம்பி.