கட்டுச்சோறும் காலிக் கட்டங்களும்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் தொலைதூரப் பயணங்களுக்கு மூட்டை கட்டுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: நான் எப்போது நெடுந்தொலைவு புறப்பட்டாலும், தேவைப்படலாம் என்று தோன்றுகிற அனைத்தையும் எடுத்துக்கொள்கிறேன். குகைக்குள் இறங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் இன்வென்டரி, அதாவது பொருள்களைச் சுமக்கும் கட்டங்கள், நிரம்பிவிடுகிறது. கிடைத்ததை எடுக்க, கொண்டுவந்ததைக் கீழே எறிய வேண்டியிருக்கிறது. எதை எடுத்துச் செல்வது, எதை வீட்டில் விடுவது? (பத்தாம் வகுப்பு மாணவர்)

பதில்: உங்களிடம் இருப்பவை மொத்தம் 36 கட்டங்கள். கீழ்வரிசையில் 9, அதற்கு மேல் 27. கவசத்துக்கும் இடக்கைக்கும் தனிக் கட்டங்கள் உண்டு என்பதால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புறப்படும்போதே இந்த 36-இல் 30 நிரம்பியிருந்தால், நீங்கள் புதையல் தேடிப் போகவில்லை. வீட்டுச் சாமான்களைச் சுமந்துகொண்டு உலாவப் போகிறீர்கள் என்றே நான் சொல்வேன். பயணத்தின் பயன் திரும்பி வரும்போது மூட்டையில் இருப்பதுதான்; ஆகவே முதலில் எண்ண வேண்டியவை காலிக் கட்டங்களே. 25 கட்டங்களாவது காலியாக இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

மீதமுள்ள கட்டங்களுக்குள் எல்லாவற்றையும் அடக்குவதற்கு விளையாட்டின் அமைப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. செய்து முடித்த கருவிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுவதில்லை. மூலப்பொருள்களோ ஒரே கட்டத்தில் 64 வரை அடங்கும். பலரும் பாறை தோண்டும் கருவியான இரும்பு பிக்காக்ஸில் மூன்றை எடுத்துச் சென்று மூன்று கட்டங்களை இழக்கிறார்கள். ஓர் இரும்பு பிக்காக்ஸ் 250 முறை பயன்படும். அதைச் செய்ய 3 இரும்புக் கட்டிகளும் 2 குச்சிகளும் போதும். 64 இரும்புக் கட்டிகள் ஒரே கட்டத்தில் அடங்கி, தேவைப்பட்டால் 21 பிக்காக்ஸ்களாகும், அல்லது வாளியாகும், கேடயமாகும். மரத்தையும் பலகையாக அறுத்து எடுத்துச் செல்லாதீர்கள். ஒரு மரக்கட்டை 4 பலகைகளைத் தரும் என்பதால், 64 கட்டைகள் கொண்ட ஒரு கட்டம் 256 பலகைகளுக்குச் சமம். படகு, பெட்டி, வேலைமேசை, கதவு எல்லாமே அந்த ஒரு கட்டத்துக்குள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. படகுக்கு 5 பலகைகள்தான் தேவை. கடலைப் பார்த்த பிறகு அதைச் செய்துகொள்ளலாம்.

நான் புறப்படும்போது எடுப்பவை இவைதான்: ஒரு வாள், ஒரு பிக்காக்ஸ், ஒரு கோடரி, இரும்புக் கட்டிகள், மரக்கட்டைகள், ஓர் அடுக்கு (64) தீப்பந்தம், உணவு, நீர் நிரம்பிய வாளி, இரண்டு படுக்கைகள். இடக்கையில் கேடயம் இருக்கும். கருங்கல்லும் நிலக்கரியும் குகையிலேயே கிடைப்பவை. அவற்றை வீட்டிலிருந்து சுமப்பது ஆற்றங்கரைக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோவது போன்றது. ஒரு நிலக்கரியும் ஒரு குச்சியும் சேர்ந்தால் 4 தீப்பந்தங்கள் ஆகும் என்பதால், முதல் அடுக்கு தீர்வதற்குள் அடுத்ததற்கான கரி கையில் இருக்கும். 2021-இல் வந்த 1.18 பதிப்பு முதல், கொடிய உயிரினங்கள் தீப்பந்தம் போன்றவற்றின் ஒளி சிறிதும் எட்டாத இடத்தில் மட்டுமே தோன்றுகின்றன. ஆகவே முன்பு போல நெருக்கமாகப் பந்தம் நட வேண்டியதும் இல்லை.

நீர் வாளியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுச் செல்லாதீர்கள். எரிமலைக் குழம்பை அது கல்லாக உறையவைக்கும், உடலில் பற்றிய தீயை அணைக்கும், உயரத்திலிருந்து விழும்போது தரையைத் தொடுவதற்கு முன் ஊற்றினால் அடிபடாமல் காக்கும், செங்குத்தான பள்ளத்தில் ஏறவும் இறங்கவும் அருவியாகப் பயன்படும். ஒரே ஒரு கட்டத்துக்கு இவ்வளவு கைம்மாறு செய்கிற வேறு பொருளை நான் அறியேன்.

கேள்வி: என் மகளும் நானும் சேர்ந்து விளையாடுகிறோம். வழியில் இரவானதும் படுக்கையை விரித்து உறங்கினோம். விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு நடந்தோம். அன்று பிற்பகல் மகள் பள்ளத்தில் விழுந்து இறந்தாள். எழுந்தது எங்கள் வீட்டிலும் அல்ல, கடைசியாக உறங்கிய இடத்திலும் அல்ல; உலகம் தொடங்கிய புல்வெளியில். அவளுடைய பொருள்களை எடுக்க முயன்றேன். என் கட்டங்கள் நிரம்பியிருந்ததால் பாதியைக்கூட எடுக்க முடியவில்லை, கண்ணெதிரே மறைந்துவிட்டன. குழந்தை அழுதுவிட்டாள். எங்கே தவறினோம்? (ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் மகளின் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இந்தத் தவறு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு முறை நேர்கிறது. ஏனெனில் விளையாட்டு இதை முன்கூட்டி எச்சரிப்பதில்லை. படுக்கையில் படுத்த கணமே உங்கள் மறுபிறப்பிடம் வீட்டிலிருந்து அந்தப் படுக்கைக்கு மாறிவிடுகிறது. காலையில் அதைப் பெயர்த்து எடுத்ததும் அந்த இடமும் அழிகிறது. ஆனால் பழைய வீட்டுப் படுக்கை தானாக மீண்டும் பொறுப்பேற்பதில்லை. போக்கிடம் இல்லாதவர் உலகத்தின் தொடக்கப் புள்ளிக்கே அனுப்பப்படுகிறார்.

இதற்காகத்தான் மேலே இரண்டு படுக்கைகள் என்று எழுதினேன். ஒன்றை இரவுத் தங்கலில் விரித்து, அதன் அருகில் ஒரு பெட்டியை வைத்து, சுற்றிலும் பந்தம் நட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு முன்னே செல்லுங்கள். அடுத்த தங்கலில் இரண்டாவது படுக்கையை விரித்துப் படுத்த பிறகு முதலாவதைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு படுக்கைக்கு ஒரே நிறத்தில் 3 கம்பளியும் 3 பலகையும் போதும் என்பதால், வழியில் ஆடுகளைக் கண்டால் கம்பளியைச் சேர்த்துக்கொண்டே போகலாம். உறங்காமலே பயணத்தைத் தொடரலாம் என்றும் நினைக்க வேண்டாம். விளையாட்டுக் கணக்கில் மூன்று நாட்கள் உறங்காதவரைத் தேடி இரவில் ஃபாண்டம் என்ற பறக்கும் கொடிய உயிரினங்கள் வானிலிருந்து பாய்ந்து வரும்.

கீழே சிதறிய பொருள்கள் 5 நிமிடத்தில் மறைந்துவிடும். யாராவது அருகில் இருந்து அந்தப் பகுதி இயங்கிக்கொண்டிருக்கும் வரைதான் அந்தக் கடிகாரம் ஓடும். நீங்கள் அங்கேயே நின்றதால் அது நிற்காமல் ஓடியது. அந்த 5 நிமிடத்துக்குள் 5 மரக்கட்டைகளை வைத்து ஒரு வேலைமேசையும் இரண்டு பெட்டிகளும் செய்திருந்தால், பெட்டிகளைச் சேர்த்து வைத்து 54 கட்டங்களில் இருவர் பொருள்களையும் காப்பாற்றியிருக்கலாம். அடுத்த முறைக்கு இதை நினைவில் வையுங்கள். புறப்படும் முன் வீட்டின் ஆயத்தொலைவு எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது நல்லது. ஜாவா பதிப்பில் எஃப்3 விசையை அழுத்தினாலும், பெட்ராக் பதிப்பில் உலக அமைப்பில் ஆயத்தொலைவுகளைக் காட்டச் சொன்னாலும் அவை திரையில் தெரியும். குழந்தை மிகச் சிறியவள் என்றால், இறந்தாலும் பொருள்கள் கையிலேயே தங்குகிற கீப் இன்வென்டரி விதியைச் சில காலம் இயக்கி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: நீண்ட பயணத்துக்கு எந்த உணவு சிறந்தது? (கல்லூரி மாணவி)

பதில்: சமைத்த மாட்டிறைச்சி. 20 புள்ளி கொண்ட பசி அளவில் அது 8 புள்ளியை நிரப்புகிறது. ரொட்டி 5 புள்ளியை மட்டுமே நிரப்பும். அதைவிட முக்கியம், பசிப் பட்டையில் தெரியாத உள்ளிருப்பு. மாட்டிறைச்சி 12.8-உம் தங்கக் கேரட் 14.4-உம் தருகிற இடத்தில் ரொட்டி 6 மட்டுமே தருகிறது. அந்த இருப்பு தீர்ந்த பிறகுதான் பட்டை குறையத் தொடங்கும். அரை அடுக்கு இறைச்சி எனக்கு ஒரு பயணம் முழுவதும் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் விவசாயம் மட்டும் செய்கிறவர்கள் ரொட்டியாகச் சுட்டு எடுத்துச் செல்வதைவிட வைக்கோல் கட்டுகளாக எடுத்துச் செல்லலாம்: ஒரு கட்டுக்கு 9 கோதுமை, மூன்று கோதுமைக்கு ஒரு ரொட்டி, ஆக, ஒரே கட்டத்தில் 192 ரொட்டிகள் அடங்கும். பசி 6 புள்ளிக்கு இறங்கினால் வேகமாக ஓட முடியாது என்பதால், அந்த அளவுக்கு வர விடாதீர்கள்.

கேள்வி: நெதர் என்ற நெருப்பு உலகத்துக்கும் இதே மூட்டை போதுமா? (ஒரு வாசகர்)

பதில்: போதாது, சில பொருள்கள் அங்கே ஆபத்தாகவே முடியும். நெதரில் படுக்கையில் படுக்க முயன்றால் அது வெடிக்கும். வாளி நீரை ஊற்றினால் ஆவியாகிவிடும். இரண்டு படுக்கைகளும் வாளியும் இருந்த அந்த மூன்று கட்டங்களை வேறு விதமாக நிரப்புங்கள். முதலாவது, ஓர் அடுக்குக் கருங்கல்: காஸ்ட் என்ற பறக்கும் உயிரினம் எறிகிற தீப்பந்து நெதர் பாறையைச் சிதறடிக்கும், கருங்கல்லைச் சிதறடிக்காது, ஆகவே பாலமும் மறைவிடமும் கருங்கல்லில் அமைய வேண்டும். இரண்டாவது, சிக்கிமுக்கிக் கருவி. தீப்பந்து பட்டு நீங்கள் வந்த நுழைவாயில் அணைந்துவிட்டால் வீடு திரும்ப அதுவே வழி. மூன்றாவது, தீ எதிர்ப்பு மருந்து. சாதாரணமானது 3 நிமிடமும் ரெட்ஸ்டோன் தூள் சேர்த்தது 8 நிமிடமும் காக்கும். உடலில் ஒரு தங்கக் கவசமாவது இருந்தால் அங்கே வாழும் பன்றி முக பிக்ளின்கள் தாமாகத் தாக்குவதில்லை. அவர்கள் பார்க்கும்போது பெட்டியைத் திறந்தாலோ தங்கத்தைத் தோண்டினாலோ அந்தச் சமாதானம் முறிந்துவிடும். சாதாரணத் திசைகாட்டி அங்கே நிலைகொள்ளாமல் சுழலும். நுழைந்தவுடன் வாயிலின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளிருக்கும் பொருள்களோடு தூக்கிச் செல்லக்கூடிய ஷல்கர் பெட்டி, எங்கே திறந்தாலும் அதே பொருள்களைக் காட்டும் எண்டர் பெட்டி இரண்டில் எதற்கு முதலில் உழைக்கலாம்? (அதே வாசகர்)

பதில்: எண்டர் பெட்டிக்கு. எட்டு அப்சிடியன் கற்களும் எண்டர் கண் என்ற பொருள் ஒன்றும் கிடைத்தால் அதைச் செய்துவிடலாம். வைரத்தை அதில் போட்ட பிறகு நீங்கள் எங்கே இறந்தாலும், வீட்டில் உள்ள மற்றோர் எண்டர் பெட்டியைத் திறந்து அதே வைரத்தை எடுக்கலாம். அதைப் பெயர்க்கும்போது சில்க் டச் என்ற மந்திர ஆற்றல் உள்ள பிக்காக்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் வெறும் அப்சிடியன்தான் மிஞ்சும். ஷல்கர் பெட்டிக்கு எண்ட் என்ற இன்னோர் உலகத்தின் நகரங்கள் வரை போக வேண்டும். அது கிடைக்கும் வரை, 2024-இல் 1.21.2 பதிப்பில் வந்த பண்டில் என்ற தோல் பையைப் பயன்படுத்துங்கள். ஒரு தோலும் ஒரு நூலும் சேர்த்துச் செய்கிற அந்தப் பையில், விதை, பூ, எலும்பு என்று ஒவ்வொன்றாகக் கட்டத்தை அடைக்கிற சில்லறைப் பொருள்களைக் கலந்து 64 வரை போட்டு வைக்கலாம்.