கோபப்பட வேண்டியது எந்தக் காகிதத்தின் மேல்?

கேள்வி: ‘மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த வாஷிங்டனும் ஜெஃபர்சனும் நூற்றுக்கணக்கில் அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஊருக்கு உபதேசம் செய்த இவர்களை எதற்கு இன்னும் கொண்டாட வேண்டும்? அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவானேன்? (கல்லூரி மாணவர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது தப்பான காகிதத்தின் மேல் விழுந்திருக்கிறது.

நீங்கள் சொல்லும் வரி அரசியல் சட்டத்தில் கிடையாது. 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தில்தான் அது இருக்கிறது. அரசியல் சட்டம் எழுதப்பட்டது பதினோரு ஆண்டு கழித்து, 1787 கோடையில். அதை எழுதிய கூட்டத்தில் ஜெஃபர்சன் இல்லவே இல்லை; தூதராகப் பாரிஸில் இருந்தார். வாஷிங்டன் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் அல்ல. அப்போது படையோடு நியூயார்க்கில் இருந்தார். தேதிப் பிழை பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், அந்த நாடு பிறந்தபோதே செய்த பெரிய தவறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது நம் கண்ணில் படாமலே போய்விடும்.

முதலில் பிரகடனம். பிலடெல்பியாவில் ஒரு கொத்தனார் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, மடியில் வைத்து எழுதும் சின்ன மேசையில் ஜெஃபர்சன் வரைவை எழுதினார். அப்போது அவருக்கு வயது 33. துணிமணி எடுத்துவைக்க, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர, கூடவே ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயதுச் சிறுவன் இருந்தான். அவன் ஜெஃபர்சனின் அடிமை. ‘அனைவரும் சமம்’ என்ற வரி எழுதப்பட்ட நாட்களில் அதை எழுதியவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் தூரத்தில் அந்தப் பையன் இருந்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. இதில் நான் உங்கள் பக்கம்தான்.

அதே வரைவில், அடிமை வணிகத்தை வளர்த்த குற்றத்தை இங்கிலாந்து மன்னர் மேல் சுமத்தி ஒரு நீண்ட பத்தியும் இருந்தது. மனிதர்கள் வாங்கி விற்கப்படும் சந்தை என்று எழுதி, அதில் ‘மனிதர்கள்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார் ஜெஃபர்சன். காங்கிரஸ் (அமெரிக்கப் பிரதிநிதிகளின் சபை) அந்தப் பத்தியை முழுவதுமாக நீக்கிவிட்டது. தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒப்பவில்லை; அடிமைகளைக் கப்பலேற்றி லாபம் பார்த்த வடக்கத்தியாருக்கும் அது உறுத்தியது என்று அவரே பிற்பாடு எழுதிவைத்தார். எழுதியவரும் யோக்கியர் இல்லை. வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அவருக்கு அடிமைகளாக இருந்தார்கள். அவர்களில் அவர் விடுவித்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான்.

இனி 1787-க்கு வாருங்கள். அதே ஊர், பிரகடனத்தை ஏற்ற அதே கட்டடம். கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே காவல் வைத்துக்கொண்டு நான்கு மாதம் பேசினார்கள். வந்து போனவர்கள் 55 பேர், கடைசியில் கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர். அவர்கள் எழுதிய சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை தேடினாலும் ‘அடிமை’ என்ற சொல் கிடைக்காது. ஆனால் விஷயம் உள்ளேதான் இருக்கிறது. ‘மற்ற எல்லா நபர்கள்’ என்று ஓரிடத்தில், ‘வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்’ என்று இன்னோரிடத்தில். அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக்கூடாது என்ற பிரிவிலும் பெயரைச் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்கள். மனிதரைச் சொத்தாக வைத்திருக்கலாம் என்ற எண்ணத்தைச் சட்டத்துக்குள் ஏற்பது தவறு என்று அந்தக் கூட்டத்தில் வர்ஜீனியாவின் பிரதிநிதி மேடிசன் பேசினார். அவருடைய குறிப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. தவறு என்று தெரிந்தது. தெரிந்தும் சொல்லை மட்டும் மறைத்தார்கள்.

அதே சட்டத்தில் அடிமைகளைத் தலை எண்ணும் ‘ஐந்தில் மூன்று’ விதியையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அடிமைகளை முழு ஆளாக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்களின் எஜமானர்கள்தான். தலை எண்ணிக்கை கூடினால் பிரதிநிதிகள் சபையில் இடம் கூடும், ஜனாதிபதித் தேர்தலில் அந்த மாநிலத்துக்கான வாக்கும் கூடும். கடைசியில் ஐவரை மூவராகக் கணக்கு வைத்தார்கள். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவில் மட்டும் 2,92,627 அடிமைகள். அவர்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. அவர்களைக் காட்டி எஜமானர்கள் கூடுதல் இடம் வாங்கினார்கள். முதல் ஐந்து ஜனாதிபதிகளில் நால்வர் வர்ஜீனியாக்காரர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கோபப்பட வேண்டிய இடம் இது.

சரி, தலைவர்கள்? எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் கடைசிவரை ஓர் அடிமையைக்கூட வாங்கவில்லை. பிரகடனத்திலும் சட்டத்திலும் கையெழுத்துப் போட்ட பிராங்க்ளின் ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். ஆனால் 1790-இல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, அடிமை முறையை ஒழிக்கக் கோரிக் காங்கிரசுக்கு மனு அனுப்பினார். வாஷிங்டன் தமக்குச் சொந்தமான அடிமைகளை விடுவிக்க உயில் எழுதினார். அதே வாஷிங்டன்தான், 1796-இல் தம் வீட்டிலிருந்து தப்பிய ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணைத் திரும்பப் பிடித்துவர ஆள் அனுப்பியவர். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மூட வேண்டாம்.

கண்ணாடிப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு மாசசூசெட்ஸில் அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பெட் என்று கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. எஜமானி ஒருநாள் அடுப்பில் காய்ந்த கரண்டியால் ஒரு சின்னப் பெண்ணை அடிக்கப் பாய்ந்தபோது, குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அந்தத் தழும்பை அவர் மறைக்கவே இல்லை. ‘எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்’ என்று, ஜான் ஆடம்ஸ் வரைந்து 1780-இல் ஏற்கப்பட்ட அந்த மாநிலத்தின் அரசியல் சட்டம் சொல்கிறது. பிரகடனத்தின் வரி சொல்லும் அதே கருத்துதான். பிறர் பேசக் கேட்டே அதைத் தெரிந்துகொண்ட பெட், ஒரு வக்கீலிடம் போனார். அந்தச் சட்டம் எனக்கும் சுதந்திரம் தராதா என்று கேட்டார். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் ஊர் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 30 ஷில்லிங் நஷ்டஈடும் கிடைத்தது. 1790 கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் அடிமைகள் என்ற கட்டத்துக்கு நேரே ஒருவர்கூட இல்லை.

வழக்கு முடிந்ததும் அவர் தமக்கு எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். சுதந்திர மனிதர் என்று பொருள். பழைய எஜமானர், சம்பளம் தருகிறேன், திரும்பி வந்து வேலை பார் என்று கூப்பிட்டார். அவர் போகவில்லை.