கெமிஸ்ட்ரி ஸ்டோரைக் காலி செய்து காசும் தருகிறேன் என்கிறாரா?

கேள்வி: பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். வீடு அல்சூரில். படித்தது பி.காம். கெமிஸ்ட்ரிக்குப் பிள்ளைகள் சேர்வது குறைந்துவிட்டதால் அந்தத் துறையின் ஸ்டோர் ரூமை பி.சி.ஏ. கம்ப்யூட்டர் லேப் ஆக்கப் போகிறார்கள். உள்ளே முப்பது வருஷத்துப் பாட்டில்கள். பழைய துறைத்தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது இருப்பது ஒரு கெஸ்ட் லெக்சரர் மட்டும். எங்கள் அட்டெண்டர் கூட்டிவந்த ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு 18,000 ரூபாயும் 'டிஸ்போசல் சர்டிஃபிகேட்'டும் தருகிறேன் என்கிறார். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்குள் முடித்துவிடச் சொல்கிறார் முதல்வர். கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்காதீர்கள் அம்மா. இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால், அந்த ஆளுக்கு முதலில் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மிச்சத்தை ராத்திரி சாவகாசமாகப் படிக்கலாம்.

கெமிஸ்ட்ரி தெரியாமலே ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆபத்தான ரசாயனக் கழிவை முறைப்படி அழிப்பதற்குக் கல்லூரிதான் காசு கட்ட வேண்டும், கழிவுக்கு ஒரு தொகை, வண்டிக்கு ஒரு தொகை. கழிவை எடுத்துக்கொண்டு உங்கள் கையில் காசு வைக்கிறவர் அதை அழிக்கப் போவதில்லை, விற்கப் போகிறார். அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், விசிட்டிங் கார்டில் 'என்விரோ' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தாலும், கணக்கு இதுதான்.

எதை விற்பார் என்று கேட்பீர்கள். ஸ்டோருக்குள் விட்டால் அவர் கண் முதலில் போவது சின்னச் சின்ன அம்பர் நிறப் பாட்டில்கள் மேல், அதாவது வெள்ளி நைட்ரேட். 25 கிராம் பாட்டில் ஒன்றில் கிட்டத்தட்ட 16 கிராம் வெள்ளி இருக்கிறது. இன்றைய வெள்ளி விலையைப் போட்டுப் பாருங்கள், அப்படி எத்தனை பாட்டில் உள்ளே என்று எண்ணிப் பாருங்கள், 18,000 எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். அடுத்தது பாதரசம், அயோடின், பூட்டிய அலமாரியில் பிளாட்டினம் குரூசிபிள், அதாவது சூடாக்கும் சின்னக் கிண்ணம், இருந்தால் அதுவும். இவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. மிச்ச இருநூறு பாட்டில்? கண்ணாடி பழைய சாமான் கடைக்குப் போகும், உள்ளே இருப்பது ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ராஜகாலுவேயில், அதாவது மழைநீர்க் கால்வாயில், போகும். அந்தப் பாட்டில்களை வெறுங்கையால் கழுவப்போகிறவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வரும் யாரோ ஒரு பெண். அவருக்கு ஏதாவது ஆனால் பாட்டிலில் ஒட்டியிருப்பது உங்கள் கல்லூரி ஸ்டாக் நம்பர்தான், அந்த ஆளுடைய விசிட்டிங் கார்டு இல்லை.

எனக்கு இதைவிடக் கவலை ஆசிட் பாட்டில்கள். அடர் கந்தக அமிலம் இரண்டரை லிட்டர் பாட்டிலில் வரும், தூக்கினால் நாலரை கிலோவுக்கு மேல் கனக்கும், நைட்ரிக் அமிலமும் அதே அளவில் இருக்கும். லட்சுமி என்ற பெண், ஆசிட் வீச்சில் முகம் வெந்தவர், 2006ல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று போட்ட உத்தரவை எத்தனை கல்லூரி அலுவலகங்கள் படித்திருக்கின்றன என்று தெரியவில்லை. கடைக்காரர் வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்பதெல்லாம் பேப்பரில் வந்தது, எல்லோருக்கும் தெரியும். கல்வி நிறுவனங்களுக்கும் அதிலேயே தனியாகச் சொல்லியிருக்கிறது: ஆசிட் எவ்வளவு செலவாகிறது என்று ஒரு ரிஜிஸ்டர் வைக்க வேண்டும், அதை சப் டிவிஷனல் மாஜிஸ்டிரேட்டிடம், அதாவது நம் ஊரில் அசிஸ்டென்ட் கமிஷனர் அலுவலகத்தில், தாக்கல் செய்ய வேண்டும், ஒருவரைப் பொறுப்பாளியாகப் போட வேண்டும், லேபை விட்டு வெளியே போகிறவர்களைச் சோதிக்க வேண்டும். மீறினால் நடவடிக்கை எடுக்கும் பொறுப்பும் அந்த மாஜிஸ்டிரேட்டுடையதுதான். இதையெல்லாம் கேட்டு வாங்கியது ஒரு பெண். ஒரு பெண்கள் கல்லூரியின் பின்வாசல் வழியாக, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரின் ஆட்டோவில் பத்துப் பாட்டில் ஆசிட் வெளியே போகலாமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முதல்வரிடம் வேறு எதுவும் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

அந்த சர்டிஃபிகேட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. லெட்டர்ஹெட்டில் அடித்து சீல் வைத்த காகிதம், அவ்வளவுதான். நாக் குழு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடலாம், அது வேறு விஷயம். 2016ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, கழிவு உங்கள் கேட்டை விட்டுப் போகும்போது படிவம் 10 என்ற மேனிஃபெஸ்ட், அதாவது கழிவோடு போகும் சீட்டு, போக வேண்டும். ஏழு பிரதி, ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெள்ளையை நீங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மஞ்சளில் வண்டிக்காரரின் கையெழுத்தை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். கழிவு போய்ச் சேர்ந்த பிறகு, சேர்ந்தது என்று கழிவை வாங்கிக்கொண்ட ஆலைக்காரர் கையெழுத்துப் போட்டு நீலப் பிரதியை உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஃபைலில் மஞ்சளும் நீலமும் சேர்ந்து இருந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அடுத்த முறை யாராவது சர்டிஃபிகேட் தருகிறேன் என்று வந்தால், "நீலக் காப்பி எப்போது வரும்?" என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் அந்த நாற்காலியிலேயே எழுந்துவிடுவார்கள்.

சரி, முறைப்படி எப்படி? கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சர்ச் ஸ்ட்ரீட்டில் பரிசர பவனில் இருக்கிறது. படிவம் 1ல் அனுமதி கேட்க வேண்டும். அந்தப் படிவத்தைத் திறந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு எரிச்சல்தான் வருகிறது: உற்பத்தி எந்த ஆண்டு தொடங்கியது, ஆலை ஒரு ஷிஃப்ட் ஓடுகிறதா, இரண்டு ஷிஃப்டா, இரவு பகலாகவா என்று கேட்கும். ஆலைக்கு எழுதிய விதியைக் கல்லூரியின் தலையிலும் கட்டிவிட்டு, லேப் ஸ்டோருக்கென்று ஒரு பக்கத்தில் ஒரு எளிய படிவம் போட இத்தனை வருஷமாக ஒருவருக்கும் கை வரவில்லை. நெலமங்கலா தாண்டி தாபஸ்பேட்டையில் கழிவை வாங்கிக்கொள்ளும் பொது ஆலை இருக்கிறது, ஆனால் அது டன் கணக்கில் அனுப்பும் ஃபேக்டரிகளுக்காகக் கட்டியது. உங்கள் அறுபது எழுபது கிலோவுக்கு வண்டி அனுப்பச் சொன்னால் சலித்துக்கொள்வார்கள். ஊரில் இத்தனை கல்லூரி இருக்கிறது, எல்லாவற்றிலும் இதே ஸ்டோர், இதே பாட்டில், வருஷத்துக்கு ஒரு நாள் என்று வைத்து வாரியமே வண்டி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? புரோக்கர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருங்கள், எழுத்தில் கேளுங்கள், அனுப்பியதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

ஒரு நுணுக்கம். கழிவைக் கையில் வைத்திருக்க விதி தரும் அவகாசம் பொதுவாக 90 நாள்தான். அதனால் அவசரப்பட்டு இன்றைக்கே எல்லாவற்றையும் 'கழிவு' என்று ரைட் ஆஃப் செய்து ஏட்டில் எழுதிவிடாதீர்கள். முதலில் பட்டியல், அப்புறம் வாரிய அனுமதி, வண்டிக்குத் தேதி, அதற்குப் பிறகு ரைட் ஆஃப்.

பட்டியலை யார் எடுப்பது? நீங்களும் வேண்டாம், அட்டெண்டரும் வேண்டாம். ஓய்வு பெற்ற துறைத்தலைவர் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். வரப் போக டாக்சி, மத்தியானச் சாப்பாடு, ஒரு நியாயமான மதிப்பூதியம், இரண்டு நாள். லேபிள் உதிர்ந்த பாட்டிலைப் பார்த்து "இது நான் அந்த வருஷம் சால்ட் அனாலிசிஸுக்கு வாங்கியது" என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான், அவருக்குப் பிறகு அது பெயர் தெரியாத வெள்ளைப் பொடி. கூட கெஸ்ட் லெக்சரர் உட்கார்ந்து எழுதட்டும். வெள்ளி நைட்ரேட், பாதரசம், பிளாட்டினம் மூன்றையும் அன்றைக்கே எடைபோட்டு முதல்வர் அறை அலமாரியில் பூட்டி, ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று: பெட்டி கட்டும்போது அகரவரிசை வேண்டாம். நம் ஸ்டோர்களில் பாட்டிலை ஏ, பி, சி என்று அடுக்கும் பழக்கம் இருக்கிறது, பார்க்க லைப்ரரி மாதிரி அழகாக இருக்கும், அப்படியே ஒரே அட்டைப்பெட்டியில் இறக்கினால் தீப்பற்றும் திரவமும் தீயை வளர்க்கும் நைட்ரேட்டும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆசிட் தனி, பிளாஸ்டிக் தொட்டியில். சயனைடு இருந்தால் ஆசிட்டின் வாசம்கூட அதற்கு ஆகாது. மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்கும் சோடியம் துண்டுகளை யாரும் தண்ணீர் பட்ட கையால் தொடக் கூடாது. சிங்க்கில் எதையும் ஊற்றாதீர்கள், எதையுமே.

இத்தனைக்கும் ஒரு விதிவிலக்கு, அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், அந்த அம்மா வருவதற்கு முன்பே போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிக்ரிக் அமிலம் என்று ஒன்று உண்டு, ஆர்கானிக் ப்ராக்டிகலுக்கு அந்தக் காலத்தில் எல்லாக் கல்லூரியும் வாங்கியது. லேபிளில் ட்ரைநைட்ரோஃபீனால் என்றும் இருக்கலாம். மஞ்சளாக இருக்கும். கடையிலிருந்து வரும்போது தண்ணீரில் ஊறிய ஈர மணல் போல வரும், ஈரமாக இருக்கும் வரை பெரிய தொல்லையில்லை. அது வருஷக்கணக்கில் காய்ந்து போனால் வெடிமருந்து. உவமைக்குச் சொல்லவில்லை, முதல் உலகப்போரில் குண்டுக்குள் அடைத்ததே இதைத்தான், 1917ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தையே தரைமட்டமாக்கிய கப்பலில் ஏற்றியிருந்த சரக்கிலும் முக்கியமானது இது.

காய்ந்த பிக்ரிக் அமிலம் மூடியின் திருகுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கும், மூடியைத் திருகும் உராய்வே போதும். மூடி உலோகம் என்றால் இன்னும் மோசம், உலோகத்தோடு சேர்ந்து அதைவிடச் சீக்கிரம் வெடிக்கிற உப்பாகிவிடும். ஆகவே திறக்காதீர்கள். எடுத்துக் குலுக்கிப் பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றிவிட்டால் சரியாகிவிடுமே என்று எந்தப் புத்திசாலியாவது சொன்னால், ஊற்ற மூடியைத் திறக்க வேண்டுமே என்று அவரிடம் சொல்லுங்கள். இருக்கும் தட்டிலேயே இருக்கட்டும், தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுங்கள், அறையைப் பூட்டுங்கள், வாரியத்துக்கும் உங்கள் காவல் நிலையத்துக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுங்கள், வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை வரவழைப்பது காவல் நிலையத்தின் வேலை. ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இன்ஸ்பெக்டர் சிரித்தால் சிரிக்கட்டும். 2,4-டி.என்.பி. (லேபிளில் 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன்) என்று இன்னொரு ஆரஞ்சுப் பொடி, இதே கதைதான், அது பழசாகிக் காய்ந்திருக்கிறது என்று 2016ல் பிரிட்டனில் பல பள்ளிக்கூடங்களுக்கு ராணுவ வெடிகுண்டு நிபுணர்களே போய், வெளியே எடுத்து வெடிக்கச் செய்தார்கள். ஈதர் பாட்டிலில், மூடியைச் சுற்றிக் கற்கண்டு போல ஏதாவது படிந்திருந்தாலும் இதே நடைமுறைதான், தொடாதீர்கள்.

இப்போது அந்த 18,000 ரூபாய்க்காரர் பாட்டில்களைச் சாக்கில் கொட்டி ஆட்டோவின் பின்னால் போட்டுக்கொண்டு, எம்.ஜி. ரோடு பள்ளத்தில் ஏறி இறங்கிப் போவதை நினைத்துப் பாருங்கள். இதற்குத்தான் முதல் வரியிலேயே வேண்டாம் என்றேன்.

நாக் குழுவைப் பற்றி: அவர்கள் வரும் தேதிக்குள் இது முடியாது, முடிக்கவும் பார்க்காதீர்கள். பூட்டிய அறை, கதவில் எச்சரிக்கை அட்டை, முழுப் பட்டியல், ஆசிட் ரிஜிஸ்டர், வாரியத்துக்கு எழுதிய கடிதமும் ஒப்புகையும், இவை இருக்கும் ஃபைலைக் காட்டுங்கள். காலியான அறையைவிட இது மரியாதையான பதில், கேள்வி கேட்கத் தெரிந்த உறுப்பினர் யாராவது வந்தால் அவருக்கு அது புரியும். கம்ப்யூட்டர் லேப் ஒரு செமஸ்டர் தள்ளிப் போகட்டும்.

அட்டெண்டர் மேல் கோபப்பட வேண்டாம், கமிஷன் ஐந்நூறு ஆயிரம் பேசியிருப்பார்கள், ஆனால் ஸ்டோர் சாவியை இன்றைக்கே அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போகிற கடிதங்களை நீங்கள் தட்டச்சு செய்து கொடுங்கள், கையெழுத்து மட்டும் முதல்வர் போடட்டும், உங்கள் பெயர் அதில் எங்கேயும் வர வேண்டாம்.